அக்கா கடைக்குப் போன சனிக்கிழமை

அப்பா குறை சொல்வதை நிறுத்திய பிறகுதான் அம்மாவுக்குச் சந்தேகமே வந்தது.

அதுவரை எங்கள் வீட்டில் சனி, ஞாயிறு சாப்பாடு ஒரு பரீட்சை மாதிரிதான் நடக்கும். அப்பாவுக்கு ஜமுனாமரத்தூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. திங்கட்கிழமை காலை முதல் பேருந்தில் மலையேறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் செங்கத்தில் வந்து இறங்குவார். மறுநாள் மதியம் தட்டின் முன்னால் உட்காருவார். முதல் கவளத்தை வாயில் வைத்து, பாதி மென்று, எதிர்ச் சுவரைப் பார்ப்பார். அம்மா கரண்டியோடு பக்கத்திலேயே நிற்பாள்.

"புளி கொஞ்சம் முந்திக்கிச்சு" என்பார். இன்னொரு நாள் "கடுகு சரியா வெடிக்கல." அதற்கடுத்த நாள் "வெந்தயம் கருகிடுச்சு போல." குரலை உயர்த்த மாட்டார். கோப்பில் பிழை கண்டு திருத்தி அடுத்த மேசைக்கு அனுப்புகிறவரைப் போல அமைதியாகச் சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டு முடிப்பார்.

அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் அவள் தைத்த ஜாக்கெட்டைச் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தவர் கிடையாது. அவள் கைவேலையில் குறை கண்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் ஜாக்கெட் போடுகிறவர் இல்லை. இத்தனைக்கும் அப்பா அடுப்பங்கரைக்குள் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் கூடத்தில் உட்கார்ந்தபடியே "பாப்பா, தண்ணி" என்பார். பானை அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், ஒரு சனிக்கிழமை, அப்பா கத்தரிக்காய்க் காரக்குழம்பை ஊற்றிச் சோறு முழுவதையும் சாப்பிட்டார். சுவரைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதோ யோசனையில் இருப்பவரைப் போல மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். இன்று நல்ல நாள் என்று நான் நினைத்தேன். அம்மா குழம்புச் சட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. அன்று அவள் உப்பு போடவே மறந்திருந்தாள்.

"ஒரு மனுசனுக்கு நாக்கு திடீர்னு செத்துப் பூடுமாடி?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு அது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியாகத்தான் பட்டது.

அதன் பிறகு அம்மா பார்க்க ஆரம்பித்தாள். அப்பா கொண்டுவந்து போடும் அழுக்குச் சட்டைகளை ஊறவைக்கும் முன் ஒவ்வொன்றாக முகர்ந்தாள். நானும் முகர்ந்தேன். வியர்வைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. கறிவேப்பிலை எண்ணெயில் பொரிகிற வாசனை, கூடவே விறகுப்புகை. ஒரு சட்டையின் முன்கையில் மஞ்சள் கறை. "ஆபீசுல ஃபைலுக்கு யாரும் மஞ்சள் தடவ மாட்டாங்க" என்று அம்மா தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு வாரம் மணிக்கட்டில் நீளமாகச் சூடு பட்ட தழும்போடு வந்தார். கேட்டதற்கு, சிநேகிதர் வண்டியின் சைலன்சர் சுட்டுவிட்டது என்றார்.

"சைலன்சர் காலுலதான சுடும்?"

"கீழ குனிஞ்சேன்" என்றார் அப்பா. ஏன் குனிந்தார் என்று அம்மா கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா பாட்டு முணுமுணுக்கவும் தொடங்கியிருந்தார். பல் விளக்கும்போது, ஷூவுக்குக் கயிறு கட்டும்போது. பாடுகிற அப்பா எங்களுக்குப் புதியவர். பிறகு வெள்ளிக்கிழமை வருவது நின்று ஞாயிற்றுக்கிழமை மதியம் வர ஆரம்பித்தார். கேட்டால் ஆடிட் என்றார். போன் போட்டால் எடுக்க மாட்டார். மலையில் டவர் இல்லை என்பார். மலையில் டவர் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் உண்மையும் ஒரு சாக்காகத்தான் அம்மா காதில் விழுந்தது.

கடைசியில் விஷயத்தை உடைத்தது எதிர்வீட்டு அக்கா. அவள் கணவர் மலைக்குப் போகும் பேருந்தில் கண்டக்டர். ஒருநாள் ஜாக்கெட் துணி கொடுக்க வந்தவள், அளவெல்லாம் கொடுத்து முடித்த பிறகும் போகாமல் வாசல்படியில் நின்றாள்.

"உன்னாண்ட சொல்லலாமா வேணாமான்னு தெரிலக்கா."

"இன்னா விசயம்? சொல்லு."

"எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. உங்க சார் அங்க மலையில எப்ப பாத்தாலும் அக்கா கடையிலதான் கீறாராம். சனிக்கெழம காலைல போனா சாயங்காலந்தான் வெளிய வர்றாராம். சாப்புடறதுன்னா அரை மணி நேரம் ஆவும். நாள் பூரா இன்னா சாப்புடுவாரு?"

"எந்த அக்கா?"

"யாரோ ஒரு பொம்பள. ஓட்டல் வச்சிருக்காளாம். நல்லா சிரிச்சிச் சிரிச்சிப் பேசுவாளாம்." எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியதும் எனக்கு இன்னும் தெளிவாகக் கேட்டது. "நான் ஒண்ணும் தப்பா சொல்லலக்கா. நீ ஒரு நட போய்ப் பாத்துட்டு வந்துடு."

அடுத்த சனிக்கிழமை அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைப் பட்டைக் கட்டினாள். எனக்குத் தலையை இழுத்துப் பின்னிவிட்டாள். கண் இரண்டும் பக்கவாட்டில் நீளும் அளவுக்கு. அப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னாள். எனக்கு ஒரே சந்தோஷம். மலைக்கு அதுவரை நான் போனதில்லை.

மலைப்பாதையில் பேருந்து வளைவுக்கு வளைவு சாய்ந்து ஏறியது. எனக்கு இரண்டு முறை வாந்தி வந்தது. அம்மா எலுமிச்சம்பழத்தை என் மூக்கருகே பிடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காட்டைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. உதடுகள் அசைந்தபடி இருந்தன. பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கிறாள் போல என்று இப்போது நினைக்கிறேன். அன்று அவள் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்து நானும் கையைக் கூப்பிக்கொண்டேன்.

ஜமுனாமரத்தூரில் இறங்கியதும் காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. வெயிலும் இருந்தது, குளிரும் இருந்தது. நேராக அப்பாவின் அலுவலகத்துக்குப் போனோம். கதவில் பூட்டு தொங்கியது. நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"ஆடிட்டுன்னு சொன்னாரே" என்றாள் அம்மா.

"சனிக்கெழம இன்னாம்மா ஆடிட்டு? ஆபீசே லீவு." அம்மாவின் பட்டுப்புடவையையும் என் இறுக்கிய பின்னலையும் பார்த்தார். "யாரு வோணும்?"

அம்மா அப்பா பெயரைச் சொன்னாள். மனைவி என்று சொல்லவில்லை.

"சாரா? அக்கா கடையில இருப்பாரு. நேரா போய் சந்தைமேட்டத் தாண்டினா தகரக் கொட்டா ஒண்ணு வரும். கூட்டமா இருக்கும், தெரியும்." ஊருக்கே தெரிந்த ஒரு தகவலைச் சொல்கிற சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு அவர் மறுபடி நாற்காலிக்குப் போய்விட்டார்.

அம்மா நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. தேன் பாட்டில்கள், பலாப்பழங்கள், தரையில் விரித்த சாக்கின் மேல் புளி என்று எல்லாவற்றையும் தாண்டிப் போனாள். வழியில் இரண்டு ஓட்டல்கள் இருந்தன. நல்ல கட்டடம், கண்ணாடிப் பெட்டியில் வடை, பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன. ஆட்கள்தான் இல்லை. ஒன்றின் வாசலில் முதலாளி காலை நீட்டி உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு காலியாகி எரிந்தது.

"அம்மா, பசிக்குது."

"இரு. அங்கயே துன்னலாம்" என்றாள். சோறு போடுகிறேன் என்கிற குரலாக அது இல்லை.

தகரக் கொட்டகைக்குப் பெயர்ப்பலகையே இல்லை. முன்பக்கம் பச்சை வண்ணம் பாதி வரை அடித்து, வண்ணம் தீர்ந்துபோய் விட்டிருந்தார்கள். நான்கு நீளமான பெஞ்சுகள். அத்தனையிலும் ஆட்கள். இடத்துக்காக வெளியே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஜீப் டிரைவர்கள், சந்தைக்கு வந்த மலைக்காரர்கள், வாணியம்பாடியிலிருந்து புளி வாங்க வந்திருந்த வியாபாரிகள் இரண்டு பேர். யாரும் பேசவில்லை. சாப்பிடுகிறவர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். நிற்கிறவர்கள் சாப்பிடுகிறவர்களின் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒழுங்கான ஓட்டல்ல ஈ ஓட்டுறான். இங்க மட்டும் இப்டி கூட்டம் வருதுன்னா இன்னாத்தையோ போடுறாங்க" என்றாள் அம்மா என் காதில்.

"இன்னாம்மா போடுவாங்க?"

"வாய மூடு."

அப்போது அவள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். உயரம், கறுப்பு, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு கையில் சோற்று வாளி, இன்னொரு கையில் குழம்பு வாளி. எதிர்வீட்டு அக்கா சொன்னது சரிதான். சிரித்துச் சிரித்துத்தான் பேசினாள். பல் வரிசை அவ்வளவு அழகாக இருந்தது. பக்கத்தில் டீ அடுப்பில் நின்ற ஒல்லியான மனிதர் அவள் கணவர் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரியாததால் அம்மா அவளை உச்சி முதல் பாதம் வரை ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பதைப் போலப் பார்த்தாள்.

"வாங்கக்கா, வா பாப்பா. கொழந்தயோட நிக்கிறீங்களே! யோவ், தள்ளி ஒக்காருயா" என்று ஒரு டிரைவரை நகர்த்தி எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். அந்த இடம் சமையல்கட்டுக்கு நேரெதிரே இருந்தது. சமையல்கட்டு வாசலில் பழைய புடவைத் துணியால் திரை போட்டிருந்தார்கள். அம்மா அந்தத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

இலையில் சாமைச் சோறு விழுந்தது, ஆவி பறக்க. அதன்மேல் மொச்சைக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்ட காரக்குழம்பு. ஓரத்தில் முருங்கைக்கீரைப் பொரியல், சுட்ட அப்பளம். நான் அம்மா கையைப் பார்த்தேன். அவள் தொடவில்லை. எனக்குக் காத்திருக்க முடியவில்லை. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன்.

எத்தனையோ ஊர்களில் எவ்வளவோ சாப்பிட்டுவிட்டேன். அந்த முதல் கவளத்தைச் சரியாகச் சொல்ல இன்னும் வரவில்லை. புளிப்பு முதலில் வந்தது. அது போவதற்குள் காரம். அதற்கும் பின்னால் எங்கிருந்தோ வறுத்த எள் மாதிரி ஒரு மணம். மொச்சை நாக்கில் பட்டதும் மாவாகிப் போனது. நான் பேசாமல் சாப்பிட்டேன். ஏன் அங்கே யாரும் பேசவில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மா ஒரு பருக்கையைக் குழம்பில் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு ஒரு சிறு கவளம். பிறகு மொச்சையைத் தனியாக எடுத்து நசுக்கிப் பார்த்தாள். துணியின் தையலைப் பிரித்துப் பார்க்கிற முகம் அது. அடுத்த கவளம் பெரிதாக இருந்தது. அதற்கடுத்தது இன்னும் பெரிது. இலையில் பாதி தீர்ந்ததும் திடுக்கிட்டவளைப் போல நிறுத்தினாள். தனக்கே கோபம் வந்துவிட்டதைப் போல இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடட்டாக்கா?" கடைக்கார அக்கா வாளியோடு வந்து நின்றாள்.

"நீங்க வச்ச கொழம்பா இது?"

"அய்ய, நானா?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நான் வச்சா இந்தக் கூட்டம் வருமாக்கா? போன வருசம் வரைக்கும் இங்கியும் ஈதான். சார்தான் வைக்கறாரு. ஆபீசு சார் ஒருத்தரு. சாயங்காலம் ஆபீசு விட்டதும் வந்து மசாலா அரைச்சிக் குடுத்துட்டுப் போவாரு. சனிக்கெழம வந்தா பூரா அவரு சமையல்தான். துட்டு ஒண்ணும் வாங்க மாட்டாரு. கையில அப்டி ஒரு ருசி அவுருக்கு."

அம்மா எழுந்தாள். கையில் சோறு ஒட்டியிருந்தது. அப்படியே போய்த் திரையை விலக்கினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே மூன்று பெரிய விறகடுப்புகள் எரிந்தன. அப்பா பனியனோடு, லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றி நின்றார். அண்டாவுக்குள் கரண்டியை விட்டு, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, நக்கி, கண்ணை மூடினார். மூலையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மலைக்காரப் பெண் ஏதோ கேட்டாள். அப்பா கண்ணைத் திறக்காமலே, "இன்னும் ஒரு கொதி வரட்டும்மே, இன்னா அவசரம், உன் மாமியாரா வந்து ஒக்காந்துக்கினு கீது?" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். தொண்டையிலிருந்து இல்லை, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. இது யாரோ என்றுதான் ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அப்பாவின் முகத்தை ஒட்டிக்கொண்ட வேறு யாரோ.

பிறகு அவர் எங்களைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"நீ... எப்ப வந்த?"

"ஆடிட்டு முடிஞ்சுதா?" என்றாள் அம்மா.

அப்பா கரண்டியைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். குழம்பு சொட்டுச் சொட்டாக அவர் கால் மேல் விழுந்தது. அதற்குள் கடைக்கார அக்கா பின்னாலேயே வந்துவிட்டாள். ஒரு நொடி எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"சார் வூட்டுலயா நீங்க? அய்யோ, சொல்லவே இல்லியேக்கா!" அம்மாவின் எச்சில் கையென்றும் பாராமல் பிடித்துக்கொண்டாள். "சார் எப்ப பாத்தாலும் உங்களப் பத்திதான். எங்க வூட்ல வைக்கிற காரக்கொழம்பு மாதிரி வராது, எங்க வூட்ல வைக்கிற ரசம் மாதிரி வராதுன்னு. இதே நீங்க வைக்கிற மாதிரிதானாமே?"

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்டியா சொன்னீங்க?"

அப்பா அண்டாவுக்குள் பார்த்தார். அவர் உண்மையில் அப்படிச் சொன்னாரா, அந்த அக்கா இடத்துக்குத் தகுந்தபடி சொன்னாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, வெளியே போய்க் கை கழுவினாள்.

கீழே இறங்கும் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு புங்கமரத்தடியில் நின்றோம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தன. நான் நடுவில், அவர்கள் இரண்டு பக்கமும். கொஞ்ச நேரம் மூன்று பேரும் எதிரே ஒரு ஆடு காகிதத்தைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மொதல்ல சாப்டத்தான் போனேன்" என்றார் அப்பா, யாரும் கேட்காமலே. "ஒரு நாளு கொழம்பு நல்லால்லன்னு சொன்னேன். அந்தம்மா கரண்டியக் கொண்டாந்து கையில குடுத்து, நீங்க வையிங்க சார், பாக்கலாம்னுச்சு. சொம்மா வெளயாட்டாத்தான். வச்சேன். அன்னிக்கு எல்லாரும் மறுசோறு வாங்கினாங்க."

"நான் கரண்டியக் குடுத்திருந்தா வாங்கியிருப்பீங்களா?"

அப்பா மாற்றிப் போட்ட பொத்தானைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தப்போ லீவு போட்டுக்கினு பன்னு வாங்கியாந்து குடுத்தீங்க. பன்னெண்டு நாளு. இவளுக்கும் பன்னு, எனக்கும் பன்னு. ஒரு கஞ்சி வைக்கத் தெரியாத மனுசன்னு நெனச்சி நான் பாவப்பட்டேங்க உங்களுக்காக." அம்மாவின் குரல் உயரவே இல்லை. "எழுந்து ஒக்கார முடியாம, நாளைக்கி எப்டியாவது அடுப்பு பத்த வைக்கணும், பாவம் பசியோட கீறாரேன்னு படுத்துக்கினே அழுதேன்."

அந்தப் பன்னிரண்டு நாள் எனக்கு நினைவிருந்தது. எனக்குப் பன் பிடிக்கும். அதனால் நல்ல நாட்களாகத்தான் நினைவிருந்தது.

"வூட்ல எனக்கு வரல" என்றார் அப்பா.

"இன்னா வரல?"

"தெரியல. வரல. இங்க வருது."

பேருந்து வந்தது. கடைக்கார அக்கா மூச்சிரைக்க ஓடி வந்து, துணியில் கட்டிய ஒரு தூக்கை நீட்டினாள். அம்மா வாங்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். அப்பா ஜன்னலுக்குக் கீழே நின்று, நாளைக்கு வந்துவிடுகிறேன் என்றார். அம்மா முன் இருக்கையின் கம்பியையே பார்த்தாள்.

முதல் வளைவு தாண்டியதும் அம்மா அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், பட்டுப்புடவையின் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயந்தபடி ஒன்றுமே இல்லையே. அந்த அக்காவுக்குப் புருஷன் இருக்கிறார். அப்பா திருடவில்லை, குடிக்கவில்லை, சமைத்தார். அதுவும் எவ்வளவு நன்றாகச் சமைத்தார்! மடியிலிருந்த தூக்கு சூடாக இருந்தது. அம்மாவைத் தேற்றலாம் என்று, "அப்பா நல்லவருதாம்மா" என்றேன்.

"வேற எவளாவது இருந்திருந்தாகூட..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டாள். "இன்னா ஆச்சுக்கா? யாரு அந்தப் பொம்பள?" என்றாள். நான் முந்திக்கொண்டு சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள்.

"ஒண்ணுமில்ல. சோறு நல்லா போடுறாங்க. அதான் அங்க போறாரு."

எதிர்வீட்டு அக்கா நம்பவில்லை. அவள் பார்வையிலேயே தெரிந்தது. அப்பா சமைக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். அம்மா சொல்லவில்லை. தெருவில் அப்பாவைப் பற்றி என்னென்னவோ பேச்சு ஓடியது. அதையெல்லாம் அம்மா ஓட விட்டாள்.

அதற்கடுத்த வாரம் அப்பா பழையபடி வெள்ளிக்கிழமையே வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு, தயங்கித் தயங்கி அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார். "இன்னிக்கி நான் வைக்கட்டுமா?" அம்மா அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கூடத்துக்குப் போய் மிஷினில் உட்கார்ந்தாள். உள்ளே டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. "பாப்பா, மொளகாத்தூளு எங்க?" "பெருங்காயம் எங்க?" "இந்தக் கேஸ் எப்டி சின்னதாக்குறது?" ஒவ்வொன்றுக்கும் நான் ஓடினேன். அம்மா மிஷினை நிறுத்தவில்லை.

புளி கரைத்து ஊற்றிய நேரத்தில் வாசலில் யாரோ, "அக்கா, ஜாக்கெட் ஆயிடுச்சா?" என்று குரல் கொடுத்தார்கள். அப்பா கரண்டியை அப்படியே போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடிவந்து, பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். வந்தவர் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போன பிறகும் அவர் பேப்பரை இறக்கவில்லை. உள்ளிருந்து அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அம்மா எழுந்து போனாள். அன்று குழம்பை முடித்து வைத்தது அவள்தான். சாப்பிடும்போது யாரும் சுவரைப் பார்க்கவில்லை, எதிரெதிரே இருந்தவர்களையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா வீட்டில் கரண்டி பிடித்ததில்லை. அம்மாவே ஒரு முடிவு சொன்னாள். சனிக்கிழமை அங்கேயே இருங்கள், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஆடிட் என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்பா தலையாட்டினார். ஞாயிறுதோறும் ஒரு தூக்கு நிறையக் குழம்பு மலையிறங்கி வந்தது. நானும் அப்பாவும் அதை ஊற்றிச் சாப்பிடுவோம். அம்மா தனக்கென்று மோர்சோறு பிசைந்துகொள்வாள். வேண்டுமா என்று அப்பா ஒருமுறை கேட்டார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, அப்பா மலைக்குப் போன பிறகு, பள்ளிக்கூடப் பையைத் தேடி அடுப்பங்கரைப் பக்கம் போனேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டி மேடையருகே நின்றிருந்தாள். தூக்கின் அடியில் மிச்சமிருந்த குழம்பில் பழைய சோற்றைப் போட்டு, நின்றபடியே, வேகவேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விரலால் தூக்கின் ஓரத்தைச் சுற்றி வழித்து நக்கினாள். நான் நிற்பது தெரிந்ததும் கை அப்படியே நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில், "நல்லாருக்காம்மா?" என்றேன்.

அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. காரம் போல என்று நினைத்துத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள்.

"நல்லாத்தான்டி இருக்குது" என்றாள். "அதான்."

நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டாளே, இனி சண்டை தீர்ந்துவிடும் என்று எண்ணியபடி, நான் துள்ளிக் குதித்துப் பள்ளிக்கூடம் போனேன்.